அறுபதுக்கு முப்பது

டேப்பைச் சுருட்டி வையுங்கள் அண்ணா, அளவை நானே சொல்லிவிடுகிறேன். கோடு போட்டிருக்கிற இடம் நாற்பத்து நாலுக்கு இருபது. பந்தைத் துரத்தி ஓடுவதற்குச் சுற்றிலும் இடம் விட வேண்டும். எல்லாம் சேர்த்து அறுபதுக்கு முப்பது. அதற்கு ஒரு அடி குறைந்தாலும் ஆட வருகிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள்.

அப்பா வெளியே வரமாட்டார். கோர்ட்டைப் பற்றிக் கேட்டு யார் வந்தாலும் வரமாட்டார். என்னையே கேளுங்கள். என் பெயர் மிதுனா, பதினேழு வயது. பிளஸ் ஒன் பாதியில் நின்றுவிட்டேன். ஃபெயில் ஆகி நிற்கவில்லை, பிடிக்காமல் நின்றேன். ஃபெயிலும் ஆனேன், அது வேறு.

வீட்டில் பிக்கிள்பால் கோர்ட் போட என்ன ஆகும் என்றுதானே கேட்டீர்கள்? உங்கள் பையன் நச்சரிக்கிறான் என்றீர்கள். எஸ்டிமேட் ஐந்தரை லட்சம். முடிந்தது ஒன்பதே காலில். மற்றவர்கள் ஆறு, ஆறரை என்று ஏதாவது சொல்லி உங்களை இழுத்துவிடுவார்கள். நான் பொய் சொல்லமாட்டேன். எனக்கு அந்தப் பழக்கமே கிடையாது. அதனால் வந்த வினையையும் சொல்கிறேன், கேளுங்கள்.

அப்பா மோட்டார் கம்பெனியில் இருபத்தாறு வருஷம் இருந்தவர். போன வருஷம் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். அந்தப் பணத்தை என்ன செய்யலாம் என்று வீட்டில் பேச்சு. காளப்பட்டியில் ஐ.டி. கம்பெனிக்காரர்கள் மணிக்கு அறுநூறு ரூபாய் கொடுத்து ஆடுகிற வீடியோவை நான்தான் காட்டினேன். "நம்ம வூட்டுக்குப் பின்னாடி எடம் சும்மாதான கெடக்குது?" என்றேன்.

சும்மா என்றால் முழுக்கச் சும்மா இல்லை. கடைசியில் ராஜாமணி அத்தையின் வீடு இருந்தது.

அத்தை அப்பாவுக்கு அக்கா. இருபத்தாறு வயதில் புருஷன் போய்விட்டார். ஒரு வயதுக் குழந்தையோடு வந்து நின்றவளுக்குத் தாத்தா பின்னால் இரண்டு ரூம் போட்டுக் கொடுத்தார். வாயால் கொடுத்ததுதான். பத்திரத்தில் அத்தை பெயர் இல்லை, அது அத்தைக்கும் தெரியும். கிரைண்டர் ஒன்று வைத்து இட்லி மாவு ஆட்டி, பக்கத்து அபார்ட்மென்டுக்குப் பாக்கெட் போட்டே மகளைப் படிக்க வைத்து அன்னூரில் கட்டிக் கொடுத்தாள். அந்த மகள்தான் கோகிலா. எனக்கு முறைக்கு அண்ணி.

கான்ட்ராக்டர் அருளப்பன் அளக்க வந்த அன்றைக்கு டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. அத்தைதான் மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, தன் வீட்டுச் சுவரோடு சேர்த்துப் பிடித்தாள்.

"எத்தனைங்க தம்பி?"

"அம்பத்திரண்டுங்கம்மா."

"பத்துமுங்களா?"

"பத்தாதுங்கம்மா. எட்டு அடி கம்மி."

அத்தை திரும்பிச் சுவரைப் பார்த்தாள். எட்டு அடி என்பது அவளுடைய சமையல் ரூம். கிரைண்டர் இருக்கிற ரூம்.

அப்பா ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. சாப்பிடுவார், எழுந்து போவார். அம்மா சாமி ரூமில் நின்று முணுமுணுப்பாள். எனக்கு இந்த இழுவை ஆகாது. இருந்தால் இருக்கு, இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். நேராகப் போனேன்.

"அத்த, உங்க சமையல் ரூம் எங்களுக்கு வேணும். அது போனா மிச்ச ரூமும் நிக்காதுன்னு அருளப்பன் சொல்லிட்டாரு. கோர்ட் ஓட ஆரம்பிச்சதும் மாடியில உங்களுக்கு ரூம் கட்டறோம். அதுக்கு ரெண்டு லட்சம் தனியா வெச்சிருக்குது. கூட்டியாந்துருவோம்."

"இத உன்ர அப்பன் வந்து கேக்க மாட்டானா?"

"அவருக்கு வாய் வரல."

அத்தை சிரித்தாள். "ஊறுகாய்ப் பந்துக்கு எம்புட்டு எடம் வேணுங்குது பாரு!" அப்புறம் சிரிக்காமல் கேட்டாள்: "பொங்கலுக்குள்ள கூட்டியாந்துருவியா கண்ணு? மெய்யாலுமா?"

"சத்தியமா. நான் பொறுப்பு."

கையை நீட்டினாள். மாவுக் கையில் ஓங்கி அடித்துச் சத்தியம் செய்தேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஊருக்குள் என்னென்னவோ பேசுகிறார்கள். நாங்கள் யாரையும் துரத்தவில்லை. அத்தை தானாகத்தான் போனாள். ஆட்டோவில் சாமான் ஏற்றியதுகூட நான்தான்.

விளாங்குறிச்சியில் லைன் வீட்டில் ரூம் பார்த்ததும் நான்தான். நல்ல ரூம். மாடியில், காற்று வரும். கீழேயும் ஒன்று காலியாக இருந்தது, வாடகை ஆயிரம் ரூபாய் அதிகம். "கீழ பாத்தா தேவல கண்ணு. தண்ணி கீழதான வருது, நான் கொடத்தத் தூக்கிட்டு ஏறோணுமே" என்றாள் அத்தை. "கொஞ்ச மாசந்தான அத்த, பொறுத்துக்குங்க" என்றேன். பொறுத்துக்கொண்டாள்.

இப்போது செலவைக் கேளுங்கள், இதுதான் உங்களுக்கு வேண்டியது. அத்தை வீட்டை இடித்ததும் அங்கே மண் சேறாகக் கிடந்தது. ஏன்? இருபத்தெட்டு வருஷம் மாவு கழுவின தண்ணீர் அங்கேயே இறங்கியிருக்கிறது. இதன் மேல் கான்கிரீட் போட்டால் ஒரே மழையில் உட்கார்ந்துவிடும் என்றார் அருளப்பன். மூன்றடி தோண்டி, அள்ளிக் கொட்டி, கிராவல் மண் நிரப்பிக் கெட்டிப்படுத்தினோம். எண்பதாயிரம். எஸ்டிமேட்டில் அது இல்லை. மாடி ரூமுக்கு வைத்திருந்த ரெண்டு லட்சத்திலிருந்து எடுத்தோம், பிறகு போட்டுவிடலாம் என்று. அப்புறம் பந்துச் சத்தம். மட்டையில் படும்போது டொக் டொக் என்று கேட்கும், உங்களுக்குத் தெரியுமே. பக்கத்து வீட்டுக்காரர் ரிட்டையர்டு மனுஷன், வாசலில் வந்து கத்தினார். சத்தம் தடுக்கிற ஷீட்டு ஒரு பக்கம் முழுக்கக் கட்டினோம். ரெண்டு லட்சத்தில் மீதியும் போனது. லைட் கம்பம் எட்டு. கரண்டை வியாபாரக் கணக்குக்கு மாற்றினார்கள். அதற்கெல்லாம் அம்மாவின் வளையல். உங்கள் இடத்தில் இதெல்லாம் வராமலும் இருக்கலாம். வரும்.

ஆவணியில் திறந்தோம். புக்கிங் என் கையில். என் போனில் இருந்த அத்தனை நம்பரையும் போட்டு வாட்ஸாப் குரூப் ஆரம்பித்தேன். காலை ஆறிலிருந்து ஒன்பது, சாயங்காலம் ஐந்திலிருந்து பத்து, எல்லாம் ஃபுல். என் கிளாஸ் பிள்ளைகள் பப்ளிக் எக்ஸாமுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள், நான் மேனேஜர். பொய் எதற்கு, சந்தோஷமாகத்தான் இருந்தது.

அத்தையை மாசம் ஒரு தடவை போய்ப் பார்ப்பேன். ஹவுஸ் ஓனர் கிரைண்டர் போட விடவில்லை, கரண்ட் பில் ஏறுமாம். ஊறின அரிசியைத் தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறி மில்லுக்குப் போய் ஆட்டி வந்தாள். நேரத்துக்கு மாவு போகாமல் அபார்ட்மென்ட்டுக்காரர்கள் வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார்கள். இதெல்லாம் அவள் சொல்லவில்லை. கீழ் வீட்டு மல்லிகா அக்கா சொன்னாள். அத்தை என்னைக் கண்டால் ஒன்றுதான் கேட்பாள்.

"மாடியில செங்கல் எறக்கியாச்சா கண்ணு?"

"இன்னும் இல்ல அத்த. எறக்கறோம்."

இல்லை என்றால் இல்லை என்றுதான் சொன்னேன். அதிலும் பொய் இல்லை.

கார்த்திகையில் பெரிய புக்கிங் ஒன்று வந்தது. ஒரு ஐ.டி. கம்பெனி, பதினாறு டீம், சனி ஞாயிறு இரண்டு நாள் டோர்னமென்ட். அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. ஷாமியானா சொல்லியாகிவிட்டது. டீ, டிபன் எங்கள் பொறுப்பு. இது ஒன்று நன்றாக முடிந்தால் மாசம் ஒன்று தருவதாகச் சொன்னார்கள். மாடி ரூமுக்கு அதுதான் வழி. அப்பாவே அப்படித்தான் சொன்னார்.

வியாழக்கிழமை காலை அத்தை குடத்தோடு படியேறும்போது கால் வழுக்கி விழுந்தாள். தலையில் அடி. மல்லிகா அக்காதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் கோகிலா அண்ணிக்குப் போன் செய்தாள். அப்பா ராத்திரி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குச் செத்துப்போனாள்.

பொங்கலுக்கு இன்னும் ஒரு மாசம் இருந்தது. அதனால் நான் வாக்குத் தவறவில்லை. யார் வேண்டுமானாலும் நாளை எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும்.

உடம்பை லைன் வீட்டுக்குக் கொண்டுவர ஹவுஸ் ஓனர் விடவில்லை. அன்னூருக்கு, அண்ணி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் காலை எடுப்பதாகச் செய்தி வந்தது. மறுநாள் காலைதான் எங்கள் டோர்னமென்ட்.

அப்பா கோர்ட் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். "நிறுத்திரலாமா வசந்தா?" என்றார்.

அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு மட்டும் மனசு இல்லீங்களா? ஆனா நங்கையா, உங்கக்கா, வேற வூட்டுக்குக் கட்டிக் குடுத்த பொண்ணு. அவிய வேற குலம், வேற கூட்டம். பங்காளிக்குத்தானுங்க தீட்டு, நமக்கு எப்படி வரும்? எதுக்கும் பெருந்துறைக்குப் போன் போட்டுக் கேளுங்க."

பெருந்துறையில் எங்கள் பெரியப்பா, இந்த முறையெல்லாம் தெரிந்தவர். ஸ்பீக்கரில் போட்டார் அப்பா. "நமக்குத் தீட்டு இல்லப்பா லோகு. போயிட்டு வந்து தலைக்குத் தண்ணி வாத்துக்க, அவ்வளவுதான். ஆனா கோடிய மறந்துராத. பொறந்த எடத்துக் கோடி விழாம பொம்பளையத் தூக்க மாட்டாங்க" என்றார். உங்கள் பக்கமும் அதே வழக்கம்தானே? செத்த பெண்ணின் மேல் கூடப் பிறந்தவன் கொண்டுவருகிற புதுச் சேலையைத்தான் முதலில் போட வேண்டும்.

தீட்டு இல்லை என்றதும் அப்பாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. நான் பார்த்தேன். என்னிடம் திரும்பி, "சொல்லிரு" என்றார். குரூப்பில் போட்டேன்: நாளைய போட்டி திட்டமிட்டபடி நடக்கும், ஆறு மணிக்கு எல்லா டீமும் வந்துவிடவும். நான் டைப் அடித்ததோடு சரி. முடிவு பெரியவர்களுடையது.

அன்றைக்குச் சாயங்காலமே கோடி எடுக்கப் போனோம். புருஷன் இல்லாத பொம்பளையா, வெள்ளையில் காட்டட்டுமா என்றார் கடைக்காரர். அப்பா, "பச்சை எடுங்க. எங்க அக்காவுக்குப் பச்சைதான் புடிக்கும்" என்றார். விலை கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை அம்மாவை டீ, டிபன் பார்க்க விட்டுவிட்டு நானும் அப்பாவும் ஸ்கூட்டரில் போனோம். அன்னூர் போகிறவரை என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. தண்ணி கேன் எங்கே, ஸ்கோர் போர்டு எங்கே என்று. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

எங்களைக் கண்டதும், "பொறந்த எடத்துக்காரங்க வந்துட்டாங்க, வழி விடுங்க" என்று யாரோ சொன்னார்கள். எல்லாரும் ஒதுங்கினார்கள். அப்பா சேலையைப் பையிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனார். அத்தையின் தலைமாட்டில் கோகிலா அண்ணி உட்கார்ந்திருந்தாள். அழுகை எல்லாம் முடிந்த முகம்.

"அத்த வரலீங்களா மாமா?"

அம்மாவைக் கேட்கிறாள். அப்பா, "ஒடம்பு செரியில்ல கண்ணு. எந்திரிக்கவே முடியல" என்றார்.

அண்ணி தன் போனை எடுத்து நீட்டினாள். நான் போட்ட மெசேஜ். அவள் நம்பரும் அந்தக் குரூப்பில் இருந்தது எனக்கு ஞாபகமே இல்லை. "வூட்ல வெளையாட்டு நடக்குதுங்களா?"

"அது அப்பப் போட்டது கண்ணு. நிறுத்தியாச்சு" என்றார் அப்பா.

அண்ணி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "மிது, நீ சொல்லு. நீ பொய் பேச மாட்டே."

நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்? கையில் போன் அதிர்ந்துகொண்டே இருக்கிறது. "நடக்குதுங் அண்ணி. அம்மா அங்கதான் டீ ஊத்திட்டு இருக்குது" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. விடுங்கள்.

"எழவு வூட்ல வெளையாடலாமுங்களா மாமா?" என்றாள் அண்ணி. சத்தமே போடவில்லை. அதற்கும் நான்தான் பதில் சொன்னேன். "நமக்குத் தீட்டு இல்லைன்னு பெருந்துறைப் பெரியப்பா சொன்னாருங் அண்ணி. அத்த வேற வூடாமா."

அண்ணி எழுந்து, அப்பாவுக்கும் அத்தைக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"தீட்டுக்கு வேற வூடு. கோடிக்கு மட்டும் பொறந்த வூடுங்களா மாமா? எடுத்துட்டுப் போங்க. தீட்டு இல்லாதவிய கோடி எங்கம்மா மேல விழ வேண்டாம்."

பெரியவர் ஒருவர் குறுக்கே வந்தார். "ஆத்திரத்துல பேசாத சாமி. பொறந்த எடத்துக் கோடி இல்லாம எப்படித் தூக்கறது?"

சுவரோரத்தில் நின்றிருந்த மல்லிகா அக்கா முன்னால் வந்தாள். அவள் என்ன ஆள், எந்த ஊர் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. "நான் போடறனுங்க. எட்டு மாசமா ஒரே கொழாயில தண்ணி புடிச்சமுங்க நாங்க" என்றாள். இடுப்புப் பையிலிருந்து பணத்தை எடுத்து அண்ணியின் வீட்டுக்காரரிடம் கொடுத்தாள். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். அவர் வருகிறவரை, அரை மணி நேரம், அத்தையை அப்படியே வைத்துக்கொண்டு எல்லாரும் காத்திருந்தார்கள். அப்பா பச்சைச் சேலையை ஏந்தியபடி அதே இடத்தில் நின்றார். உட்காருங்கள் என்றுகூட ஒருவரும் சொல்லவில்லை.

மல்லிகா அக்காவின் சேலையோடுதான் அத்தை போனாள்.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் அண்ணா எனக்கு ஆகாதது. பதினோரு மணிக்கு வீடு வந்து சேர்ந்தோம். ஆட்டம் சூடாக நடக்கிறது, கைதட்டல், விசில். அப்பா ஸ்கூட்டரை நிறுத்தினார். செருப்போடு கோர்ட்டுக்குள் நடந்து போனார். கோர்ட்டில் செருப்புப் போடக் கூடாது என்று போர்டு எழுதி மாட்டினவரே அவர்தான். நட்ட நடுவில் நின்று கை எடுத்துக் கும்பிட்டார். "எங்க வூட்ல எழவுங்க. எல்லாரும் கெளம்புங்க" என்றார்.

"என்ன சார், காலைல ஒண்ணும் சொல்லலையே?" என்றான் ஒருவன், கையில் மட்டையோடு.

"காலைல இல்லீங்க. இப்பத்தான் ஆச்சு."

அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தோம். ஷாமியானாவுக்கும் டிபனுக்கும் கைக்காசு போனது. கோர்ட்டைப் பதினாறு நாள் பூட்டிப் போட்டார் அப்பா. முகம் வழிக்காமல், செருப்பில்லாமல் இருந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கு எங்களைக் கூப்பிடவில்லை. கம்பெனிக்காரர்கள் சரவணம்பட்டியில் வேறு கோர்ட் பிடித்துக்கொண்டார்கள். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாலு பேர் வருகிறார்கள். மாடியில் இன்றுவரை ஒரு செங்கல் ஏறவில்லை. இனி யாருக்கு ஏற்றுவது?

நான் கேட்பது ஒன்றுதான். தீட்டு உண்டு என்றால் முதலிலேயே நிறுத்தியிருக்க வேண்டும். இல்லை என்றால் நடத்தி முடித்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைச் செய்யாமல் இரண்டையும் கெடுத்தால் என்ன அர்த்தம்? ஒரு நாள் சாப்பிடும்போது அப்பாவிடம் நேராகவே கேட்டுவிட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ரொம்ப நேரம் கழித்து, "நீ எதுக்குக் கண்ணு அங்க நெசத்தச் சொன்னே?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டார்.

நான் என்ன தப்புச் சொன்னேன்? நடந்ததைத்தானே சொன்னேன்? பொய் சொல்லியிருந்தால் அண்ணி கோடியை வாங்கியிருப்பாள். அத்தை பச்சைச் சேலையோடு போயிருப்பாள். அது தெரிகிறது. எனக்கும் தெரிகிறது.

உங்கள் பையனுக்கு நீங்கள் போடுவதாக இருந்தால் அருளப்பன் நம்பர் தருகிறேன். வேலை சுத்தமாகச் செய்வார், அவர் மேல் குறை சொல்ல முடியாது. போவதற்கு முன்னால் ஒன்று. அந்தச் சேலை அந்த ஸ்கூட்டர் டிக்கியில்தான் இருக்கிறது, மூன்று மாசமாக. செத்தவளுக்கு எடுத்ததை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்கிறாள் அம்மா. யாருக்கும் உடுத்தக் கொடுக்கவும் முடியாது. எரித்துவிடலாம் என்றால் அப்பா சாவியைத் தருவதில்லை. பெருந்துறைப் பெரியப்பாவைக் கேட்டேன், அவருக்கே தெரியவில்லை. இப்படி நடந்து அவர் பார்த்ததில்லையாம். உங்கள் பக்கத்தில் வயசானவர்கள் யாராவது இருந்தால் கேட்டுச் சொல்கிறீர்களா? வாங்காமல் திருப்பி அனுப்பின கோடியை என்ன செய்ய வேண்டும்?